சிவப்புப் பாதையைச் சில நாள் மூடட்டும்

சிங்கப்பூரின் வடக்கே யீஷூன், செம்பவாங் பக்கம் இருக்கும் நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் சிவப்பாக இருக்கும் வடக்கு-தெற்கு ரயில் பாதையை ஆண்டுக்குச் சில நாள், முன்கூட்டியே அறிவித்து, பகுதி பகுதியாக முழுக்க மூடி வேலை பார்க்க வேண்டும். இரவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தை மட்டும் நம்பி இத்தனை வயதான பாதையை ஓட்டுவது சரியில்லை. நானும் அந்தப் பாதையில்தான் வேலைக்குப் போகிறேன். மூடினால் எனக்கும் சிரமம்தான்.

சிங்கப்பூரின் முதல் எம்ஆர்டி பாதை இது. 1987 நவம்பர் 7ஆம் தேதி, இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்தே நிலையங்களோடு ஆரம்பித்தது. அதுவும் எளிதில் வந்துவிடவில்லை. ரயிலே வேண்டாம், பேருந்துகளே போதும் என்று 1980இல் ஹார்வர்ட் நிபுணர் குழு சொன்னது. அப்போதைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீக்கும் ரயிலில் இவ்வளவு பணத்தைப் போடுவதில் விருப்பமில்லை. தொடர்பு அமைச்சராக இருந்த ஓங் டெங் சியோங்தான் விடாமல் வாதாடினார். 1982 மே மாதம் அரசு சரி என்றது. செலவு 5 பில்லியன் வெள்ளி. அன்றைய சிங்கப்பூருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள். பாதை 1988 டிசம்பரில் யீஷூன் வரை வந்தது, 1996இல் உட்லண்ட்ஸ் வழியாகச் சுவா சூ காங்கோடு சேர்ந்தது, 2014இல் மரினா சவுத் பியர் நிலையம், 2019இல் கான்பெரா நிலையம். இன்று 27 நிலையங்கள், சுமார் 45 கிலோமீட்டர்.

போக ஒரு தண்டவாளம், வர ஒரு தண்டவாளம், அவ்வளவுதான். நியூயார்க்கில் இரவு முழுக்க ரயில் ஓடுகிறதே என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே பல தடங்களில் மூன்று, நான்கு தண்டவாளங்கள் உண்டு; ஒன்றில் வேலை நடந்தால் ரயிலை இன்னொன்றுக்கு மாற்றிவிடலாம். இங்கே ஒரு ரயில் நின்றால் பின்னால் வருகிற அத்தனையும் நிற்கும். காத்திப் தாண்டினால் இயோ சூ காங் வரை நீண்ட தூரத்துக்கு நிலையமே கிடையாது. அந்த இடத்தில் நெரிசல் நேரத்தில் ரயில் நின்றுவிட்டால் இறங்கிப் போகவும் வழியில்லை. காற்றாடி ஓடுகிறதா என்று எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு நிற்போம்.

2011 டிசம்பர் 15 பலருக்கு நினைவிருக்கும். ரயிலுக்கு மின்சாரம் தருகிற மூன்றாவது தண்டவாளத்தைத் தாங்கும் பிடிகள் கழன்று, அது தொய்ந்துபோய், ரயில்கள் நடுவழியில் நின்றன. சுரங்கத்துக்குள் விளக்கும் காற்றும் குறைந்து, ஒருவர் மூச்சுக்காகத் தீயணைப்புக் கருவியால் ஜன்னலை உடைத்தார். இரண்டே நாளில், 17ஆம் தேதி, மறுபடியும் அதே கதை. அப்புறம் 2015 ஜூலை 7, வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு என்று இரண்டு பாதைகளும் மாலை நெரிசலில் ஒன்றாக நின்ற நாள். 2017 அக்டோபரில் பீஷானுக்கும் பிராடலுக்கும் இடையே சுரங்கத்தில் வெள்ளம். பம்புகளைப் பராமரித்ததாகப் பதிவேட்டில் எழுதியிருந்தார்கள், ஆனால் வேலை நடக்கவே இல்லை. சேவை முழுதாகத் திரும்ப ஏறக்குறைய 20 மணி நேரம் ஆனது. அதற்கு நேரக்குறைவு காரணம் என்று நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அது கடமை தவறியது. மற்றவற்றில் வயதுக்கும் பங்கு உண்டு.

அதன் பிறகு நிறைய மாற்றிவிட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மரக்கட்டைகளை எடுத்துவிட்டுக் கான்கிரீட் கட்டைகள் போட்டார்கள், மூன்றாவது தண்டவாளத்தைப் புதுப்பித்தார்கள், சமிக்ஞை முறையை மாற்றினார்கள், 2023 முதல் புது ரயில்கள் வருகின்றன. ஆனால் இந்த வேலைகளில் பெரும்பகுதி கடைசி ரயில் போனதற்கும் முதல் ரயில் வருவதற்கும் நடுவில்தான் நடந்தது. கையில் கிடைப்பது மூன்றரை மணி நேரம் போல. மின்சாரத்தை நிறுத்தி, கருவிகளை உள்ளே கொண்டுபோய், வேலை முடித்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பாதை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி மின்சாரம் கொடுக்க வேண்டும். உள்ளபடி வேலை நடக்கிற நேரம் எவ்வளவு மிஞ்சும்? அதனால்தான் இந்தப் புதுப்பிப்பு பத்தாண்டுக்கு மேல் இழுத்துக்கொண்டே போகிறது. பராமரிப்பை வலுப்படுத்த ஐந்து ஆண்டுகளில் கூடுதலாக 1 பில்லியன் வெள்ளி வரை தருவதாக அரசு 2024இல் சொல்லிவிட்டது. பணம் இருக்கிறது. நேரம்தான் இல்லை.

அந்த நேரத்தில் உள்ளே நிற்பது யார்? நம் தேக்காவில் (லிட்டில் இந்தியா) ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறோமே, அந்தத் தம்பிகளும் அதில் இருக்கிறார்கள். பட்டுக்கோட்டையிலும் புதுக்கோட்டையிலும் இருந்து வந்து, நாம் தூங்கும்போது தண்டவாளத்தில் குனிந்து நிற்கிறவர்கள். ஐந்து மணிக்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் அவர்களை வேலை வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. 2016 மார்ச்சில் பாசிர் ரிஸ் அருகே, ரயில் ஓடிக்கொண்டிருந்தபோதே ஒரு கோளாறைப் பார்க்கப் போன இரண்டு இளம் ஊழியர்கள் ரயில் மோதி இறந்தார்கள். பயிற்சியில் இருந்த பிள்ளைகள். அது கிழக்கு-மேற்குப் பாதைதான், ஆனால் பாடம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

எதிர்ப்பவர்கள் சொல்லும் ஒரு காரணத்தை நான் மதிக்கிறேன்: மூடினால் அதிகம் கஷ்டப்படுவது மணிக்கணக்குச் சம்பளக்காரர்கள். எங்கள் பிளாக்கில் ஓர் அக்கா இருக்கிறார், ஆர்ச்சர்டில் ஒரு கடைத்தொகுதியில் துப்புரவு வேலை. ரயில் திடீரென்று நின்ற ஒரு காலையில் தாமதமாகப் போனார். "எல்லோரும் இதையேதான் சொல்றாங்க" என்று மேற்பார்வையாளர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அவரிடமே கேட்டேன். "முன்னாடியே சொல்லிட்டா நான் நாலரைக்கே கிளம்பிடுவேன் தம்பி. திடீர்னு நின்னா எந்த பஸ், எங்க நிக்கும், ஒண்ணும் தெரியல. கூட்டத்துல யாரைக் கேக்கறது?" என்றார். எனக்கு அந்தப் பதில் போதும். மூடுவதைவிடச் சொல்லாமல் நிற்பதுதான் அவரைப் போன்றவர்களைக் கொல்கிறது.

2025 நவம்பர் கடைசியில் கிழக்கு-மேற்குப் பாதையில் தானா மேரா பக்கம் பத்து நாள் மூடினார்களே, புதுப் பணிமனைக்குத் தண்டவாளம் இணைக்க. பள்ளி விடுமுறை நேரம் பார்த்து, மாதக்கணக்கில் முன்னதாகவே சொல்லி, இணைப்புப் பேருந்து விட்டுச் செய்தார்கள். அதையே வடக்குக்கும் செய்யலாம். ஆனால் சில விஷயங்கள் கட்டாயம் வேண்டும். இணைப்புப் பேருந்து காலை ஐந்து மணிக்கே ஓட வேண்டும். ரயில் ஆறு மணிக்குத்தான் நிரம்பும் என்று கணக்குப் போடக் கூடாது, முதல் ரயிலில் இருப்பவர்கள்தான் துப்புரவாளர்களும் பாதுகாவலர்களும். பேருந்து நிற்கும் இடத்தைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் பெரிய எழுத்தில் நிலைய வாசலிலேயே ஒட்ட வேண்டும். கைப்பேசிச் செயலியில் போட்டால் போதாது. வேலை கொடுப்பவர்களுக்கு அதிகாரபூர்வக் கடிதம் போக வேண்டும், அந்த நாட்களில் தாமதத்துக்குச் சம்பளம் பிடிக்க வேண்டாம் என்று.

எப்படியும் 2030களில் பிரிக்லேண்ட், சுங்கை காடுட் என்று இரண்டு நிலையங்களை இதே பாதையில் நுழைக்கப் போகிறார்கள். ஓடுகிற பாதையில் நிலையம் கட்டும்போது எங்காவது மூடத்தான் வேண்டியிருக்கும். அதற்காக மூடும் நாட்களிலேயே பழைய வேலைகளையும் சேர்த்து முடிக்கட்டும். தேதியை மட்டும் ஆறு மாதம் முன்னால் சொல்லிவிடுங்கள். டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் அந்த நாட்களைப் பார்த்தே டிக்கெட் போட்டுக்கொள்வோம்.