நுண்நெகிழியை எந்த இடத்தில் மறிப்பது?

வாரந்தோறும் ஒரு கிரெடிட் கார்டு எடையுள்ள நுண்நெகிழியை, அதாவது ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவான பிளாஸ்டிக் துகள்களை, நாம் விழுங்குகிறோம் என்ற செய்தி 2019 முதல் ஓயாமல் பகிரப்பட்டு வருகிறது. அதற்குப் பின் செய்யப்பட்ட கணக்கீடுகள் உண்மையான அளவு அதைவிடப் பல மடங்கு குறைவாகவே இருக்கும் என்று காட்டிவிட்டன. ஆனாலும் அந்தச் செய்தி சுற்றுவது நிற்கவில்லை. இத்தகைய மிகைப்படுத்தல் எனக்கு எரிச்சலூட்டுகிறது. அது பொய் என்று தெரியவரும் நாளில், மெய்யாகவே கவலைப்பட வேண்டிய ஆய்வுகளையும் மக்கள் அதோடு சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள்.

அப்படி ஒதுக்கிவிட முடியாத ஆய்வு ஒன்று 2024-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது. கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பு அடைப்பை அறுவை சிகிச்சை மூலம் அகற்றிக்கொண்ட 257 பேரை இத்தாலிய மருத்துவர்கள் சுமார் 34 மாதங்கள் கண்காணித்தார்கள். அவர்களில் 150 பேரின் அடைப்பில் பாலிஎத்திலீன் என்ற நெகிழி இருந்தது. நெகிழி இருந்தவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ நாலரை மடங்கு அதிகமாக இருந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அந்நியப் பொருள்களை விழுங்கி அழிக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் செல்களுக்குள்ளேயே விளிம்பு சிதைந்த துகள்கள் கிடந்தன. செரிக்க முடியாத ஒன்றை விழுங்கிய செல் அழற்சியைத் தூண்டிக்கொண்டே இருக்கும் என்பதுதான் இங்கே சந்தேகிக்கப்படும் வழிமுறை. இந்த ஆய்வு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூளைத் திசுவில் நெகிழி குவிந்திருப்பதாக 2025-இல் வந்த ஆய்வு இதைவிடப் பலவீனமானது. திசுவைச் சூடாக்கிச் சிதைத்து அளக்கும் அந்த முறையில் மூளையின் கொழுப்பே பாலிஎத்திலீனைப் போலத் தோன்றக்கூடும் என்று வேதியியலாளர்கள் ஆட்சேபித்திருக்கிறார்கள்.

இனி அகற்றுவதைப் பற்றி. கடலில் கலந்துவிட்ட துகள்களை வடிகட்டி எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவான துகளைப் பிடிக்கும் வலை, அதே அளவிலுள்ள மிதவையுயிர்களையும் வாரிக்கொண்டு வந்துவிடும். பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியா குறித்த செய்திகளும் அவ்வப்போது வருகின்றன. 2016-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்த இடியோனெல்லா சகாயென்சிஸ் என்ற பாக்டீரியா மெய்யான கண்டுபிடிப்புதான். ஆனால் 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர்ப் புட்டிகள் செய்யப்படும் பெட் (PET) நெகிழியின் ஒரு மெல்லிய படலத்தைச் சிதைக்கவே அதற்கு ஆறு வாரங்கள் பிடித்தன. உலகில் மிகுதியாகத் தயாராகும் பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் அதற்கு உணவல்ல. இரத்தத்திலிருந்து நெகிழியை வடித்துத் தருவதாகப் பெருந்தொகை வாங்கும் சிகிச்சைகளைப் பொறுத்தவரை, அவற்றால் ஒருவருடைய உடல்நலம் மேம்பட்டது என்பதற்கு இதுவரை சான்று இல்லை.

துகள் எங்கும் சிதறிப்போகும் முன், ஒரு குழாய்க்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது மறித்தால் மட்டுமே காரியம் நடக்கும். பாலியெஸ்டர் துணியைச் சலவை இயந்திரத்தில் போடும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் கழிவுநீரோடு வெளியேறுகின்றன. 2025 முதல் புதிய இயந்திரங்களில் இழைகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்க வேண்டும் என்று பிரான்ஸ் 2020-இலேயே சட்டம் இயற்றியது. வடிகட்டியில் சேரும் ஈரமான சாம்பல் நிறப் பிசிறைக் குழாயடியில் அலசிவிட்டால் அத்தனை இழையும் மீண்டும் சாக்கடைக்கே போய்விடும். அதை வழித்தெடுத்துக் குப்பையில்தான் போட வேண்டும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான். நன்கு இயங்கும் நிலையங்கள் நீரிலிருந்து நுண்நெகிழியில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் பிரித்துவிடுகின்றன, ஆனால் பிரிந்தது கசடில் தங்குகிறது. பல நாடுகளில் அந்தக் கசடு வயலுக்கு உரமாகப் போகிறது. டயர் தேய்ந்து உதிரும் தூளுக்கோ பெரும்பாலும் இப்படி மறிக்க ஒரு குழாய் கிடையாது, அதில் ஒரு பகுதி சாலையிலிருந்து மழைநீரோடு நேராக ஆற்றில் இறங்கிவிடுகிறது.

வீட்டளவில் செய்யக்கூடியவையும் சில உண்டு. கடின நீரைக் கொதிக்க வைத்தால், படியும் சுண்ணாம்பு துகள்களைப் பொதிந்துகொள்கிறது. அதை வடித்துவிட்டால் நீரிலுள்ள துகள்களில் தொண்ணூறு விழுக்காடு வரை நீங்கக்கூடும் என்று 2024-இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். மென்னீரில் பலன் மிகக் குறைவு. பாலிபுரொப்பிலீன் பால்புட்டியில் சூடான நீரை ஊற்றிக் குலுக்கினால் லிட்டருக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட துகள்கள் வெளிப்படலாம் என்று டப்ளினில் நடந்த ஆய்வு 2020-இல் கண்டது. ஆகவே பால்மாவைக் கண்ணாடி அல்லது எஃகுப் பாத்திரத்தில் கலந்து, ஆறிய பிறகு புட்டிக்கு மாற்றுவது நல்லது.

ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கும் மேல் நெகிழி தயாராகும்போது இவையெல்லாம் எம்மாத்திரம் என்று கேட்பது நியாயமே. நெகிழி மாசைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தை 2024-இல் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனிவாவிலும் உடன்பாடின்றி முடிந்ததற்கு முக்கியக் காரணம், உற்பத்திக்கு வரம்பு வேண்டுமா, கழிவு மேலாண்மை மட்டும் போதுமா என்ற சர்ச்சைதான். வரம்பு வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆயினும் சலவை இயந்திரத்தில் வடிகட்டியைக் கட்டாயமாக்குவதற்கும், கசடு வயலுக்குப் போகும் முன் அதிலுள்ள நெகிழியை அளந்து வெளியிடச் சொல்வதற்கும் எந்த அரசும் ஜெனிவாவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.