ஓவர்சைஸ் பிஸ்டன் 350-ஐ 500 ஆக்காது

'பழைய வார்ப்பிரும்பு புல்லட் 350-இல் 40 ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் 500 மாதிரி இழுக்கும்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார்; அதாவது தேய்ந்த சிலிண்டரைச் சற்றே பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவது. கணக்கு இடிக்கிறது ஐயா. 350-இன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90. மொத்தம் 346 சிசி. '40' என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு, அதாவது 1 மி.மீ. சொச்சம். கூடுவது வெறும் 10 சிசி. 500-இன் போரோ 84 மி.மீ.!

கடைந்து புது பிஸ்டன் போட்டதும் வண்டி துள்ளுவது உண்மைதான். தேய்ந்த சிலிண்டரின் உள்விளிம்பில் நகத்தை வைத்து மேலே இழுத்துப் பாருங்கள், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் எட்டாத இடத்தில் ஒரு திட்டு தட்டும். அந்தத் தேய்மானத்தில் கசிந்துபோன கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம்தான் திரும்பி வருகிறது.

20 ஓவர்சைஸில் தேய்மானம் சரியாகும் என்றால் 20-ஓடு நிறுத்துங்கள். நேரே 40-க்குத் தாவினால் பின்னால் செய்துகொள்ளக்கூடிய ஒரு போரிங் (கடைசல்) வீண். பிஸ்டனை முதலில் வாங்கி, லேத் பட்டறைக்காரர் கையில் கொடுத்து, அதை அளந்த பிறகே சிலிண்டரைக் கடையச் சொல்லுங்கள். பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பிக் கடைந்து, முதல் நெடும்பயணத்திலேயே பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்து நடுவழியில் நின்றவன் நான்.