கனவில் பட்டன் இல்லாத கால்குலேட்டர்

என் மூத்தவன் இந்த வருடம் தொடக்கநிலை ஆறு. இன்னும் நான்கு நாளில் பிஎஸ்எல்இ (சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் தேர்வு) கணக்குத் தேர்வு. போன வாரம் ஒருநாள் விடியற்காலை மூன்றரை மணிக்கு வந்து என் கட்டிலோரம் நின்றான். "அம்மா, ரெண்டாவது தாள் எழுதிட்டு இருக்கேன், கால்குலேட்டர்ல ஒரு பட்டன்கூட இல்ல" என்றான். சட்டையெல்லாம் வியர்வை. எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான். "பயப்படாதடா, ஒண்ணும் ஆகாது." தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்தான். தூங்கவே இல்லை என்பது காலையில் கண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை, அவனும் தங்கையும் பார்த்துக்கொண்டிருந்த 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடரைப் பார்க்க நானும் உட்கார்ந்தேன். 2005-இல் தொடங்கிய பழைய கார்ட்டூன் தொடர். (பறக்கும் காட்டெருமைக்கு 'அப்பா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். திரையில் யாராவது "அப்பா!" என்று கூப்பிட்டால் பாப்பா தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள்.) அன்று ஓடியது மூன்றாம் பருவத்தின் ஒன்பதாவது பகுதி, 2007 நவம்பரில் வந்தது. அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதற்குத்தான் இந்தப் பதிவு.

நாயகன் ஆங்குக்கு 12 வயது. என் மகனுக்கும் அதே வயது. நூறு வருடம் பனிப்பாறைக்குள் உறைந்து கிடந்து எழுந்தவன். அவன் இல்லாத அந்த நூறு வருடத்தில் நெருப்பு நாடு உலகத்தையே போரில் தள்ளிவிட்டது. இன்னும் சில நாளில் சூரிய கிரகணம். எட்டு நிமிடம் எதிரிகளின் நெருப்பு சக்தி வேலை செய்யாது. அந்த நேரத்துக்குள் அவன் மன்னன் ஓசாயை வீழ்த்த வேண்டும். இரண்டாம் பருவத்தின் முடிவில் மின்னல் தாக்கி ஏறக்குறைய செத்துப் பிழைத்தவன் அவன். அதனால் அவனுடைய பயத்தைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது.

அவன் கனவு என்ன தெரியுமா? மன்னன் முன்னால் சண்டைக்கு நிற்கிறான், காலில் கால்சட்டை இல்லை. அடுத்த கனவில் கால்சட்டை இருக்கிறது, ஆனால் கணக்குத் தேர்வு இருப்பதை மறந்துவிட்டான்! என் மகன் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

நண்பர்கள் ஆளுக்கொரு வைத்தியம் செய்கிறார்கள். கத்தாரா யோகா மாதிரி உடம்பை வளைக்கச் சொல்கிறாள். சோக்கா மனநல ஆலோசகர் போல உட்கார்ந்து கேள்வி கேட்கிறான். டோஃப் முதுகில் முள் குத்தி அக்குபங்சர் செய்கிறாள். எதுவும் வேலைக்கு ஆகவில்லை. அவன் இன்னும் மோசமாகி, விழித்துக்கொண்டே கனவு காணும் நிலைக்குப் போய்விடுகிறான்.

எங்கள் வீட்டிலும் அதேதான் நடந்துகொண்டிருந்தது. நான் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். அவன் அப்பா, ஓடினால் தூக்கம் வரும் என்று சாயங்காலம் பூங்காவுக்கு அழைத்துப் போனார். பாட்டி சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலில் அர்ச்சனை செய்து விபூதி கொண்டு வந்தார். எல்லாம் அன்புதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மூன்று பேரும் எங்களுக்குக் கைவந்ததைச் செய்துகொண்டிருந்தோம். அந்தப் பிள்ளை என்ன நினைக்கிறான் என்று ஒருவரும் நின்று கேட்கவில்லை.

நான் தேர்வு எழுதிய காலத்தில் டி-ஸ்கோர். மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டு வரும் எண் அது. 2021-இல் அது போய், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்றிலிருந்து எட்டு வரை அடைவுநிலை என்று மாறிவிட்டது. அரையாண்டுத் தேர்வுகளையும் எடுத்துவிட்டார்கள். மார்க்கை வைத்து உயர்நிலைப் பள்ளியில் பிரிக்கும் எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவுகள் 2024-இல் உயர்நிலை ஒன்றுக்குப் போனவர்களிலிருந்து இல்லை. கல்வி அமைச்சு இவ்வளவு சுமையை இறக்கி வைத்த பிறகும் என் பிள்ளை மூன்றரை மணிக்கு எழுந்து நிற்கிறான் என்றால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? ஒரு துணைப்பாட நிலையத்தில், "இந்த மார்க்கோட போனா எந்த நல்ல ஸ்கூலும் எடுக்காது" என்று அவன் முன்னாலேயே சொன்னார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். வீட்டில் கோப்பி குடிக்கும்போதுகூட மற்ற பிள்ளைகளின் மார்க்கைத்தான் பேசினேன். பயத்தை ஊட்டியதில் எனக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அப்புறம் அதே வாயால் "பயப்படாதே" என்றும் சொல்லியிருக்கிறேன்.

சரி, ஆங் எப்படித் தூங்கினான்? நண்பர்கள் ஆட்டு ரோமத்தைச் சேர்த்து அவனுக்கு மெத்தென்று ஒரு படுக்கை செய்து வைக்கிறார்கள். எங்களை முதன்முதலில் பார்த்த நாளிலிருந்து நீ பயிற்சி செய்துகொண்டுதான் இருக்கிறாய், நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், நீ தயாராகிவிட்டாய் என்கிறார்கள். அவ்வளவுதான். அவன் படுக்கிறான். அடுத்த கனவில் கால்சட்டை இல்லாமல் நிற்பது மன்னன்!

ஆனால் என்னை உலுக்கியது அடுத்து வரும் பகுதிகள். அந்தப் படையெடுப்பு தோற்றுவிடுகிறது. திட்டம் முன்பே தெரிந்து மன்னன் ஒளிந்துகொள்கிறான், அரியணை காலியாக இருக்கிறது. பெரியவர்கள் பிடிபட, பிள்ளைகள் தப்பித்துப் பறக்கிறார்கள். அப்படியானால் அன்றிரவு நண்பர்கள் சொன்னது பொய்யா? நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் பேசியது அவனைப் பற்றி. அன்று என்ன நடக்கும் என்பது அவர்கள் கையில் இல்லை. அவன் எவ்வளவு உழைத்தான் என்பதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள், அதைத்தான் சொன்னார்கள். தோற்ற பிறகும் அது உண்மையாகவே இருந்தது.

"ஒண்ணும் ஆகாது" என்று நான் சொன்னது அப்படி இல்லை. ஏதாவது ஆகலாம். அது அவனுக்கும் தெரியும். 2021-இல் இதே தேர்வில் வந்த ஹெலன், ஐவன் என்ற இருவரின் நாணயக் கணக்கு கடினமென்று ஊர் முழுக்கப் பேசப்பட்டதே, அந்த மாதிரி ஒன்று இந்த வருடமும் வரலாம். அம்மா தனக்காகப் பொய் சொல்கிறாள் என்று தெரிந்த பிள்ளைக்கு அந்த இருட்டில் வேறு யார் துணை?

அன்றிரவு ஹாலில் மெத்தையை விரித்து அவன் பக்கத்திலேயே படுத்தேன். "மார்ச் மாசம் பின்னக் கணக்குப் போட முடியாம அழுத, ஞாபகம் இருக்கா? ஜூலைல கோப்பிக் கடைல பரோட்டாவப் பிச்சு வச்சு பாப்பாவுக்கு நீதான பின்னம் சொல்லிக் கொடுத்த, நான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அவ பாதியத் தின்னுட்டாம்மா, அப்புறம் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது" என்றான். சிரித்தோம். பிறகு, கணக்கு வராமல் போனால் நான் அவனோடு பேசாமல் இருப்பேனா என்று கேட்டான். இவ்வளவு நாள் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டா என் பிள்ளை படுத்திருந்தான்? மாட்டேன் என்று சொல்லி அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் தூங்குவதற்கு முன்பே அவன் தூங்கிவிட்டான்.

துணைப்பாட நிலையத்துக்குப் போன் செய்து இந்த வாரம் அவன் வரமாட்டான் என்று சொல்லிவிட்டேன். சுவர் அட்டவணையையும் எடுத்துவிட்டேன். இன்றைக்கும் மெத்தை ஹாலில்தான். பாப்பா தன் முயல் தலையணையை அண்ணனுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள், வெள்ளிக்கிழமை வரைக்கும் மட்டும்.