முதல் கீமோவுக்கு முன் ஒரு கால் மணி நேரம்

அந்தக் காணொளியை இதுவரை பதினேழு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள், போதும். மார்பகப் புற்றுநோய் உறுதியாகிச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் ஓர் இளம்பெண் எழுந்து நின்று, "சிகிச்சைக்குப் பிறகு எனக்குக் குழந்தை பிறக்குமா?" என்று கேட்கிறாள். மேடையில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "முதலில் உயிரோடு இரும்மா, மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்கிறார். அரங்கம் கைதட்டுகிறது. அவருடைய பதிலைக்கூட மறந்துவிடுவேன். அந்தக் கைதட்டல்தான் இரண்டு இரவுகளாக என்னைத் தூங்கவிடவில்லை.

பிறகு பார்க்க முடியாது என்பதுதான் இங்கே பிரச்சினையே. மார்பகப் புற்றுநோய்க்கான கீமோ மருந்துகளில், குறிப்பாக சைக்ளோபாஸ்பமைடு, சினைப்பையில் உள்ள முட்டைகளின் இருப்பைக் குறைத்துவிடும். எவ்வளவு குறைக்கும் என்பது வயதையும் மருந்தின் அளவையும் பொறுத்தது. போனது திரும்ப வளராது. மாதவிடாய் மறுபடி வந்துவிட்டாலும் அது பழைய கருவுறும் திறனுக்குச் சான்றாகாது. ஆகவே முட்டையையோ கருவையோ உறையவைத்துச் சேமிப்பதென்றால், முதல் கீமோவுக்கு முன்னால் சேமித்தால்தான் உண்டு.

எனக்கு நோய் தெரிந்தபோது வயது 29. என் மருத்துவர் கெட்டவர் அல்லர். முடி எப்போது கொட்டும், எப்போது முளைக்கும் என்று இருபது நிமிடம் பொறுமையாக விளக்கியவர். முட்டைகளைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. ஒப்புதல் படிவத்தில் வாய்ப்புண்ணுக்கும் வாந்திக்கும் நடுவே "மலட்டுத்தன்மை ஏற்படலாம்" என்று ஒரு வரி இருந்ததாம். கை நடுங்கக் கையெழுத்திட்ட நான் அதைப் படிக்கவில்லை. மூன்றாவது கீமோவுக்குப் பிறகு மாதவிடாய் நின்றபோது கேட்டேன். "உங்களுக்குத்தான் இன்னும் திருமணம் ஆகவில்லையே என்று சொல்லவில்லை" என்றார். திருமணமாகாதவளுக்கு எதிர்காலம் கிடையாது போலும்.

சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்தில்லையா என்று கேட்பீர்கள். முட்டைகளை முதிரச் செய்து எடுக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதை மாதவிடாய்ச் சுழற்சியின் எந்த நாளிலும் தொடங்கலாம், சில மார்பகப் புற்றுநோய்களை வளர்க்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறாமல் இருக்க லெட்ரோசோல் மாத்திரையும் தருவார்கள். பலருக்கு அறுவை சிகிச்சைக்கும் கீமோவுக்கும் இடைப்பட்ட நாட்களே இதற்குப் போதும். அந்த இரண்டு வாரமும் காத்திருக்க முடியாத நோயாளிகள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் "உனக்கு நேரமில்லை" என்று அவளிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவதும், சொல்லாமலே தொடங்குவதும் ஒன்றா? நான் கேட்பது முதல் கீமோவுக்கு முன் ஒரு கால் மணி நேரம், அவ்வளவுதான்.

கருவுற்றால் நோய் திரும்பிவிடும் என்று மருத்துவம் படிக்காத உறவினர் அனைவரும் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார்கள். ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் கொண்ட, 42 வயதுக்கு மேற்படாத 518 பெண்கள், ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு ஹார்மோன் சிகிச்சைக்குப் பின் அதை நிறுத்திவைத்துக் கருவுற முயன்ற 'பாசிட்டிவ்' ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. மூன்றாண்டுக் கணக்கில் நோய் திரும்பியவர்கள் அவர்களில் 8.9 விழுக்காடு; ஒப்பிடப்பட்ட மற்றவர்களில் 9.2. மூன்று ஆண்டு குறுகிய காலம்தான், கண்காணிப்பு தொடர்கிறது. இருந்தாலும், அத்தை சொன்னதைவிட இது மேலான சான்று என்றே நினைக்கிறேன்.

செலவாகுமே, எல்லோராலும் முடியுமா என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. முடியாது என்பதை அவளே அறிந்து முடிவு செய்யட்டும், அவளுக்காக இன்னொருவர் முடிவு செய்ய வேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.

தத்தெடுக்கலாமே என்று அறிவுறுத்தும் நல்லுள்ளங்களுக்கு நன்றி. இத்தனை ஆண்டுகளில் எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள். "நீ போய்விட்டால் அந்தக் குழந்தை என்ன ஆகும்?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டவரும் உண்டு. அவருக்கு இரண்டு பிள்ளைகள். அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அந்தக் காணொளியைக் கைதட்டும் குறிகளோடு முதலில் பகிர்ந்தவரும் அவர்தான். நட்புப் பட்டியலிலிருந்து நீக்கப்போவதில்லை, அவர் இதைப் படிக்க வேண்டும்.

உயிர் பிழைத்ததற்கு நன்றியோடு இருக்கக் கூடாதா என்கிறீர்கள். இருக்கிறேன், ஒவ்வொரு பரிசோதனை முடிவு வரும்போதும் இருக்கிறேன். நன்றியோடு இருப்பவள் அழக் கூடாது என்று யார் சொன்னது?

காணொளியின் கடைசி நொடிகளை மறுபடி பாருங்கள். கைதட்டல் ஓயும்வரை அந்தத் தங்கை ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடியே நிற்கிறாள். அவளுக்கு இன்னொரு கேள்வி இருந்திருக்கிறது. அவளை அறிந்தவர் யாராவது இதைப் படித்தால், முதல் கீமோ என்றைக்கு என்று உடனே அவளிடம் கேளுங்கள். இன்னும் தொடங்கவில்லை என்றால் எனக்குச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள், நள்ளிரவானாலும் பரவாயில்லை.