மொத்தமாக வாங்கினால் எப்போதும் மிச்சமா?

"உலர்ந்த பொருள் எதுவும் கெடாது, எவ்வளவு பெரிய மூட்டையாக வாங்கினாலும் லாபம்தான்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் பணத்தைக் கொட்டிவிடாதீர்கள். தீட்டிய வெள்ளை அரிசி காற்றுப்புகாத டப்பாவில் வருடக்கணக்கில் இருக்கும், அது உண்மை. ஆனால் தவிடு நீக்காத அரிசியிலும் முழுக்கோதுமை மாவிலும் எண்ணெய்ச் சத்து இருக்கிறது; சில மாதங்களிலேயே சிக்கு வாடை அடிக்கும். திறந்ததும் மோந்து பாருங்கள், பழைய எண்ணெய் மாதிரி ஒரு கசந்த வாசம் வரும்.

கணக்கையும் பாருங்கள். கிலோவுக்கு 10 சதவீதம் மலிவு என்று 5 கிலோ வாங்கி, அதில் 1 கிலோவைக் குப்பையில் போட்டால், நாலரைக் கிலோ விலை கொடுத்து நாலு கிலோதான் சாப்பிட்டிருக்கிறீர்கள். சில்லறையாக வாங்கியிருந்தாலே மலிவு.

வண்டு பெரும்பாலும் கடையிலிருந்தே முட்டையாக வருகிறது. வாங்கியதும் உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் நாலு நாள் வைத்தால் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறைச்சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் கோர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மூன்று மாதத்தில் எவ்வளவு தீர்க்கிறீர்களோ அந்த அளவு வாங்குங்கள், போதும்.