இன்னும் மூன்று யூனிட்

வேலூர். 2025 மே மாதம், கத்திரி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அம்மா ஆரணியில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான அப்பா, வாசலில் இருக்கும் இரண்டு மின்மீட்டர்களுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் கிழித்த காலண்டர் தாள். வீட்டிலிருந்தே வேலை என்று சென்னையிலிருந்து வந்து ஒன்றரை மாதமாகத் தங்கியிருக்கும் மகள், வியர்வையைத் துடைத்தபடி வெளியே வருகிறாள்.

மகள்: அப்பா, ஏசி ஓடவில்லை.

அப்பா: ஓடும். நான்தான் சுவிட்சை அணைத்தேன்.

மகள்: ஏன்?

அப்பா: 497.

மகள்: என்ன 497?

அப்பா: நாளை காலை கணக்கெடுக்க வருவார்கள். இந்த இரண்டு மாதத்தில் நாம் செலவழித்தது 497 யூனிட். ஐந்நூறுக்கு இன்னும் மூன்று. விடிந்து பத்து மணி ஆகும்வரை நாம் அந்த மூன்றில்தான் வாழ வேண்டும்.

மகள்: 501 ஆனால்தான் என்ன? ஒரு யூனிட்டுக்கு எட்டோ ஒன்பதோ ரூபாய். நான் தருகிறேன்.

அப்பா: எட்டாம் வகுப்பிலும் நீ இப்படித்தான், கேள்வியை முழுதாகப் படிக்காமல் விடை எழுதுவாய். முதல் நூறு இலவசம். 101 முதல் 200 வரை பாதி விலை. அந்தப் பாதி விலை 500ஐத் தாண்டாதவர்களுக்குத்தான். 501 ஆனால் அந்த நூறு யூனிட்டுக்கும் முழு விலை கேட்பார்கள். ஆக, அந்தக் கடைசி ஒரு யூனிட்டின் விலை என்ன?

மகள்: (விரல்விட்டு எண்ணி) இருநூறு ரூபாய்க்கு மேலே வருகிறதே!

அப்பா: உட்கார்.

மகள்: எங்கே உட்கார? இங்கே மின்விசிறி கூட இல்லை.

அப்பா: காற்று வரும். வேலூரில் ஒன்பது மணிக்கு மேல் காற்று வரும்.

மகள்: எந்த வருஷம் வந்தது?

(அப்பா பதில் சொல்லவில்லை. மீட்டரைச் சுட்டிக் காட்டுகிறார்.)

அப்பா: இந்தச் சிவப்பு விளக்கைப் பார். இது 3,200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட். மீட்டர் மேலேயே பொறித்திருக்கிறார்கள். நொடிக்கு ஒரு முறை சிமிட்டுகிறது. அப்படியென்றால் இந்த நிமிஷம் நம் வீட்டில் ஆயிரத்து நூறு வாட்டுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது.

மகள்: ஏசியைத்தான் அணைத்துவிட்டீர்களே, வேறு என்ன ஓடுகிறது?

அப்பா: அதைத்தான் கண்டுபிடிக்கப் போகிறோம். நீ உள்ளே போய் ஒவ்வொன்றாக அணை. நான் எண்ணுகிறேன்.

மகள்: (உள்ளிருந்து) டிவி பெட்டியை அணைத்துவிட்டேன்!

அப்பா: சிமிட்டுகிறது!

மகள்: கூடத்து மின்விசிறி!

அப்பா: சிமிட்டுகிறது!

மகள்: அப்பா, இந்த ரெகுலேட்டர் கை வைத்தால் சுடுகிறது. இரண்டில் வைத்தால் மிச்சம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மிச்சத்தில் ஒரு பங்கு இந்தப் பெட்டியைச் சூடாக்கவே போய்விடுகிறது. பழைய விசிறி 75 வாட். புதிதாக வரும் பிஎல்டிசி விசிறி, அதாவது மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த விசிறி, முப்பது வாட்டுக்குள் ஓடும். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் என்றால்...

அப்பா: இரண்டு மாதத்துக்கு ஒரு விசிறிக்கு நாற்பது யூனிட்டுக்கு மேல் மிச்சம். கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் அந்த விசிறி நீ பிறந்த வருஷம் வாங்கியது.

மகள்: நான் கூட ஒன்றரை மாதத்துக்கு முன்னால்தான் வீட்டுக்கு வந்தேன், என்னையே அணைக்கச் சொல்வீர்கள் போலிருக்கிறது. சரி, கைபேசி சார்ஜரைப் பிடுங்கிவிட்டேன்!

அப்பா: (துள்ளி எழுந்து) நின்றுவிட்டது! ஐந்து நொடிக்கு ஒன்றுதான்! நான் சொல்லவில்லை? எல்லாம் அந்தச் சார்ஜர்!

மகள்: சார்ஜர் ஆயிரம் வாட்டா? அது அவ்வளவு இழுத்தால் என் கைபேசி வெடித்திருக்கும்.

அப்பா: கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். இனிமேல் ராத்திரி முழுக்க அதைச் செருகி வைத்தாயானால்... (நிறுத்துகிறார்) மறுபடி வேகமாகிவிட்டது. ஏதாவது செருகினாயா?

மகள்: இல்லையே. குளிர்பெட்டி மட்டும்தான் மிச்சம்.

அப்பா: அதை அணை.

மகள்: உள்ளே இட்லி மாவு இருக்கிறது. இந்த வெயிலில் வெளியே வைத்தால் ராத்திரிக்குள் பொங்கிக் கூடம்வரை வந்துவிடும். அம்மாவிடம் யார் பதில் சொல்வது?

அப்பா: (யோசித்து) குளிர்பெட்டி இருக்கட்டும்.

மகள்: (மெதுவாக) அப்பா, பூஜை அறையில் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறதே, அது?

அப்பா: அது ஜீரோ வாட்ஸ். அதற்குச் செலவே கிடையாது. பெயரிலேயே இருக்கிறதே.

மகள்: வாத்தியாரே, பூஜ்யம் வாட்டில் வெளிச்சம் எப்படி வரும்?

அப்பா: ...

மகள்: இந்தப் பழைய குண்டு பல்ப் பதினைந்து வாட் இழுக்கும். பழைய சுற்று மீட்டரில் இவ்வளவு சின்னச் செலவு சரியாகத் தெரியாது, அதனால் ஜீரோ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்த மீட்டர் அப்படி விடாது. பதினைந்து வாட், இருபத்து நான்கு மணி நேரம், அறுபது நாள். நீங்களே போடுங்கள் கணக்கை.

அப்பா: (காலண்டர் தாளின் பின்புறம் எழுதுகிறார். நீண்ட நேரம் எழுதுகிறார்.) 21.6.

மகள்: எத்தனை வருஷமாக எரிகிறது?

அப்பா: வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் செய்த நாளிலிருந்து.

மகள்: சாமிக்கு எல்இடி ஆகாது என்று ஏதாவது இருக்கிறதா?

அப்பா: சாமி ஒன்றும் சொல்லமாட்டார். உன் அம்மாதான்... அணை. இப்போதைக்கு அணை.

மகள்: அணைத்தாகிவிட்டது. அப்புறம் குளியலறையில் வெந்நீர் ஹீட்டர் சுவிட்ச் போட்டபடி இருக்கிறது.

அப்பா: அது காலையில் நான் போட்டது.

மகள்: கத்திரி வெயிலில் வெந்நீரா? மாடித் தொட்டித் தண்ணீரிலேயே டீ போடலாம்!

அப்பா: காலை ஐந்து மணிக்கு வெந்நீர் என்பது எனக்கு முப்பது வருஷப் பழக்கம். கால் மணி நேரம்தான்.

மகள்: இரண்டாயிரம் வாட். கால் மணி நேரத்துக்கு அரை யூனிட். இரண்டு மாதத்தில் முப்பது. பூஜை விளக்கையும் சேர்த்தால் ஐம்பதைத் தாண்டுகிறது. ஏசியின் மேல் மட்டும் உங்களுக்கு ஏன் கோபம்?

அப்பா: நீ அதைப் பதினெட்டில் வைத்துக்கொண்டு கம்பளி போர்த்திக்கொள்கிறாய். 2020லிருந்து விற்கிற ஏசி எல்லாம் போட்டவுடன் 24இல்தான் நிற்க வேண்டும் என்று அரசாங்கமே விதி போட்டிருக்கிறது. ஒரு டிகிரி ஏற்றினால் ஆறு சதவீதம் மிச்சம். அதை மெனக்கெட்டுக் கீழே இறக்குகிற பிள்ளையை நான் பெற்றிருக்கிறேன். (மீட்டரைப் பார்த்து) இன்னும் சிமிட்டுகிறது. 498 ஆகிவிட்டது!

மகள்: ஹீட்டரையும் அணைத்துவிட்டேனே!

அப்பா: கசிவு. எங்கேயோ சுவருக்குள் கசிகிறது. மெயினை இறக்கு.

மகள்: மாவு...

அப்பா: ஒரு நிமிஷம்தான்! இறக்கு!

(மெயின் இறங்குகிறது. வீடு இருட்டாகிறது. குளிர்பெட்டி ஒரு பெருமூச்சுவிட்டு அடங்குகிறது. மாடியில் ஏசி ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது.)

மகள்: (வாசலுக்கு வந்து) நின்றதா?

அப்பா: சிமிட்டுகிறது.

மகள்: மெயினே இல்லாமலா?

அப்பா: நொடிக்கு ஒன்று. கணக்கு பிசகவில்லை.

(இருவரும் மீட்டரைப் பார்க்கிறார்கள். மாடி ஏசி டக்கென்று நிற்கிறது. சிவப்பு விளக்கும் சோம்பலாகிறது.)

மகள்: அப்பா.

அப்பா: பேசாதே. யோசிக்கிறேன்.

மகள்: இது யார் மீட்டர்?

அப்பா: நம்முடையது. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது பெட்டியில் எழுதியிருந்ததெல்லாம் அழிந்துவிட்டது. நான்தான் சாக்பீஸால் திருப்பி எழுதினேன். பார், ‘கீழ்’.

மகள்: எதைப் பார்த்து எழுதினீர்கள்?

அப்பா: மீட்டர் இரண்டும் மேலும் கீழுமாக இருக்கிறது. கீழே இருப்பது கீழ் வீடு. இதில் என்ன சந்தேகம்?

(மகள் கைபேசியை எடுத்து, போன முறை கட்டணத்துக்கு வந்த குறுஞ்செய்தியைத் தேடுகிறாள். மேலே இருக்கும் மீட்டரைப் பார்க்கிறாள். அதில் விளக்கு அசையாமல் இருக்கிறது.)

மகள்: போன கணக்கு எண் இதில் இருக்கிறது. இதையும் பார்த்து எழுதியிருக்கலாம்.

அப்பா: செல்போனில் வருவதை எல்லாம் நம்பக் கூடாது என்று நீதான் சொன்னாய். கழித்துச் சொல்.

மகள்: 641.

(மௌனம். தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போகிறது.)

மகள்: மெயினை ஏற்றட்டுமா?

அப்பா: ஏற்று.

மகள்: ஏசி?

அப்பா: போட்டுக்கொள். (அவள் உள்ளே போனபின்) இருபத்து நான்கில்!

மகள்: சரி! நீங்களும் உள்ளே வாருங்கள், இங்கே என்ன செய்கிறீர்கள்?

அப்பா: (ஸ்டூலை மடக்கி, காலண்டர் தாளைச் சட்டைப்பையில் வைத்து, மாடிப்படி ஏறத் தொடங்குகிறார்) மேல் வீட்டுக்காரருக்கு ஐந்நூறுக்கு இன்னும் ஒன்றரை யூனிட்தான் இருக்கிறது. பாவம், அவருக்குத் தெரியாது. ஏசியை அணைக்கச் சொல்லிவிட்டு வருகிறேன்.