முதியோர் இல்லத்து மாத்திரைக் கிண்ணமும் ரத்தசோகையும்

"வயசாயிடுச்சுல்ல, ரத்தம் கம்மியாத்தான் இருக்கும்."

முதியோர் இல்லங்களில் தினமும் காதில் விழும் பேச்சு இது. ஒரு அம்மா சாப்பாட்டுக் கூடத்துக்கு வராமல் படுத்தே கிடந்தாலும் இதுதான் பதில். ஒரு ஐயா பாத்ரூம் போய் வருவதற்குள் மூச்சு வாங்கினாலும் இதுதான் பதில். பிள்ளைகள் போனில் கேட்டால், "சத்து மாத்திரை குடுத்துட்டுத்தான் இருக்கோம்" என்று சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், சுருக்கமாக ஹெச்பி, குறைவதுதான் ரத்தசோகை. அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை 100 மில்லி ரத்தத்தில் ஆணுக்கு 13 கிராம், பெண்ணுக்கு 12 கிராம். எழுபது வயது தாண்டினால் 10 இருந்தாலே போதும் என்று அதில் எங்கும் சொல்லவில்லை. அமெரிக்காவில் 65 வயது தாண்டியவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், சொந்த வீட்டில் வாழ்பவர்களில் பத்தில் ஒருவருக்கு ரத்தசோகை இருந்தது. 85 வயதுக்கு மேல் போனால் ஐந்தில் ஒருவருக்கு. முதியோர் பராமரிப்பு இல்லங்களில் எடுத்த மேலை நாட்டுக் கணக்குகளோ ஏறக்குறைய பாதிப் பேர் என்கின்றன. காரணம் தேடிப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு சத்துக் குறைவு, இன்னொரு பங்கு சிறுநீரகக் கோளாறும் நாள்பட்ட அழற்சியும். மீதி ஒரு பங்குக்குத்தான் காரணம் பிடிபடவில்லை. அதாவது தேடினால் மூன்றில் இருவருக்குக் கிடைத்துவிடும்.

நம் ஊரில் தேடுவதே இல்லை. 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு ரத்தசோகை பார்த்தது பெண்களுக்கு 49 வயது வரை, ஆண்களுக்கு 54 வயது வரை. 2018ல் தொடங்கிய 'அனீமியா முக்த் பாரத்' திட்டத்தில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் என்று ஆறு பிரிவினர் உண்டு. அறுபது தாண்டியவர்கள் அந்த ஆறிலும் இல்லை. கர்ப்பிணிக்குப் பார்ப்பது மிக அவசியம், அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் ஹெச்பி 8க்கு இறங்கிய 78 வயது அம்மா தலைசுற்றி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டால், அவர் மறுபடி எழுந்து நடப்பாரா என்பதே சந்தேகம்.

இனி அந்த மாத்திரைக் கிண்ணத்துக்கு வருவோம். காலை எட்டரை மணி. இட்லி சாப்பிட்டு முடித்த கையோடு டீ வருகிறது. கூடவே சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் தைராய்டு மாத்திரை, கால்சியம், கேஸ் மாத்திரை, சுகர் மாத்திரை, இரும்பு மாத்திரை எல்லாம் ஒன்றாக. வேலை சுலபம் என்று ஒரே மடக்கில் விழுங்க வைத்துவிடுகிறார்கள். அந்த ஒரு கிண்ணத்துக்குள் நடப்பதைப் பாருங்கள். டீயில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். கால்சியமும் இரும்பை உள்ளே விடாது. கேஸ் மாத்திரை வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் இரும்பு சரியாகக் கரையாது. போதாததற்கு இரும்பு போய்த் தைராய்டு மாத்திரையைக் கெடுக்கும். தைராய்டு குறைந்தபடியே இருந்தால் அதுவும் ரத்தசோகைக்கு ஒரு காரணம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஹெச்பி அசைந்திருக்காது. "இவங்க உடம்புக்கு ஏறலை" என்று எழுதிவிடுவார்கள்.

நேரத்தைப் பிரித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. பதினொரு மணிக்கு இரும்பு, அரை டம்ளர் எலுமிச்சைச் சாற்றோடு. தைராய்டு மாத்திரைக்கும் இரும்புக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பதினொரு மணி டீ வழக்கம் இருந்தால் அதை மாலைக்குத் தள்ளுங்கள். கால்சியம் ராத்திரிச் சாப்பாட்டோடு. இரும்பு மாத்திரை விழுங்கியதும் அரை மணி நேரம் படுக்க விடக்கூடாது, உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகிவிடும். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குப் பொடித்துக் கொடுப்பதும் ஆபத்து. மறதி நோய் உள்ளவர்கள் மாத்திரையை வாயிலேயே ஒதுக்கி வைத்துக்கொள்வார்கள், கன்னத்தின் உள்பக்கம் வெந்து புண்ணாகும். அவர்களுக்கு சிரப்தான் சரி.

அளவிலும் தாராளம் வேண்டாம். எண்பது தாண்டியவர்களுக்குத் தினம் 15, 50, 150 மில்லிகிராம் என்று மூன்று அளவில் இரும்பு கொடுத்துப் பார்த்த ஆய்வில், இரண்டு மாதத்தில் மூன்று குழுவுக்கும் ஹெச்பி ஏறக்குறைய ஒரே அளவுதான் ஏறியது. வயிற்று உபத்திரவம் மட்டும் அதிக அளவு சாப்பிட்டவர்களுக்கு அதிகம். ஒரு வேளை இரும்பு போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டும். அது குடலின் கதவைச் சுமார் ஒரு நாளைக்குச் சாத்திவிடும். அதனால்தான் ஒன்றுவிட்டு ஒருநாள் கொடுக்கும் முறை வந்திருக்கிறது. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் இளம்பெண்களிடம் நடந்தவை என்றாலும், மலச்சிக்கலால் மாத்திரையையே வெறுத்துப்போன பெரியவர்களுக்கு இதை மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். மலம் கருப்பாகப் போகும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆனால் தார் போலப் பிசுபிசுப்பாக, துர்நாற்றத்தோடு போனால் அது மாத்திரையின் நிறம் அல்ல, உள்ளே ரத்தம் கசிகிறது.

இந்தக் கசிவுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. இதயத்துக்கு ஆஸ்பிரின், அதோடு ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல், முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிவந்த டைக்ளோபினாக். இந்த மூன்றும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் சொட்டுச் சொட்டாக இழப்பு நடந்துகொண்டே இருக்கும். வெளியே ஒரு துளி தெரியாது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ வயதான ஆணுக்கோ இரும்புக் குறைவு வந்தால், குடல் புற்று உட்பட எங்கிருந்து ரத்தம் போகிறது என்று பார்த்தே ஆகவேண்டும். மூலம் இருக்கிறது என்ற ஒரே காரணத்தைச் சொல்லித் தேடலை நிறுத்திவிடக் கூடாது.

ரத்தப் பரிசோதனையில் ஹெச்பி எண்ணை மட்டும் பார்ப்பது பாதி வேலைதான். அதே தாளில் எம்சிவி என்று ஓர் எண் இருக்கும், சிவப்பணுவின் சராசரி அளவு அது. 80க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவைச் சந்தேகிக்கலாம், 100க்கு மேலே இருந்தால் பி12 அல்லது போலிக் அமிலக் குறைவை. இரண்டு குறைவும் சேர்ந்திருந்தால் எம்சிவி நடுவில் 90 என்று சாதுவாக நிற்கும், ஏமாந்துவிடக் கூடாது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டினும் அப்படித்தான். படுக்கைப் புண், மூட்டு அழற்சி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று உள்ளவர்களுக்கு உடலில் இரும்பு இல்லாவிட்டாலும் பெரிட்டின் 80, 90 என்று போதுமானது போலக் காட்டும். ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லும் டிரான்ஸ்பெரின் சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின் மட்டும் போதாது. தசை கரைந்து மெலிந்த உடம்பில் கிரியாட்டினின் 1.1 என்பதே நல்ல எண் போலத் தெரியும். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்லும் இஜிஎப்ஆர் கணக்கிட்டால்தான் சிறுநீரகம் பாதி போயிருப்பது வெளிப்படும்.

பி12 பற்றி ஒரு வார்த்தை அழுத்தமாக. பல இல்லங்களில் சைவச் சாப்பாடுதான். பி12 கீரையிலோ பருப்பிலோ கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், கறி இவற்றில்தான் உண்டு. தண்ணீராய்க் கரைத்த மோரில் எவ்வளவு இருக்கும்? அதற்கு மேல், வருடக்கணக்கில் மெட்பார்மின் என்ற சுகர் மாத்திரையும் கேஸ் மாத்திரையும் எடுப்பவர்களுக்கு உள்ளே போகிற பி12ம் ஒழுங்காக உறிஞ்சப்படாது. நம் ஊர் இரும்பு மாத்திரைகள் பெரும்பாலானவற்றில் போலிக் அமிலமும் சேர்ந்தே வருகிறது. பி12 குறைந்த ஒருவருக்கு அதை மட்டும் கொடுத்தால் ஹெச்பி ஏறிவிடும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும். பாதம் மரத்துப்போய், இருட்டில் தள்ளாடி, மறதி கூடி நிற்பவரை "வயசு" என்று மறுபடியும் ஒதுக்கிவிடுவோம். 1000 மைக்ரோகிராம் ஊசியோ தினசரி மாத்திரையோ ஒன்றும் யானை விலை இல்லை.

சாப்பாட்டில் பீட்ரூட்டையும் மாதுளையையும் நம்பி இருக்காதீர்கள். அந்தச் சிவப்பு இரும்பின் நிறம் இல்லை. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் அருமையானவை, வாரம் ஒருநாள் மிருதுவாக வேகவைத்து அரைத்துக் கொடுக்கலாம். சைவக்காரர்களுக்கு முளைகட்டிய பயறு, கீரை, கூடவே நெல்லிக்காய்த் துவையல். பல்செட் ஆடுவதால் மென்று தின்ன முடியாமல் ரசம் சாதத்திலேயே நாளை ஓட்டுபவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்குப் பல் மருத்துவரும் ரத்தசோகை மருத்துவர்தான்.

ஹெச்பி 7க்குக் கீழே, இதயநோய் உள்ளவர்களுக்கு 8க்குக் கீழே போனால்தான் பொதுவாக ரத்தம் ஏற்றுவது பற்றிய பேச்சு. அப்போதும் ஒரு பாட்டில் ஏற்றி நிறுத்திப் பார்க்க வேண்டும். முதிய இதயத்துக்கு அவசரமாக இரண்டு பாட்டில் போனால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும்.

படுத்த படுக்கையாகக் கடைசிக் கட்டத்தில் இருப்பவரை, பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பிக்காக வதைக்கச் சொல்லவில்லை. அங்கே வீட்டாரோடு பேசி, எதுவரை தேடுவது என்று முடிவெடுப்பதே நியாயம். நடமாடிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. சேரும் அன்று ஒரு முழு ரத்தப் பரிசோதனை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தேதியோடு ஒரே நோட்டில் எழுதி வைக்க வேண்டும். விரலில் குத்திப் பார்க்கும் மீட்டர் என்றால் விரலைப் பிதுக்காதீர்கள், திசுநீர் கலந்து எண் குறைவாகக் காட்டும். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும் பிள்ளைகள் பழத்தைக் கொடுத்துவிட்டு அந்த நோட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். இன்றைக்கு 10.4 என்ற எண்ணைத் தனியாகப் பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும். போன வருடம் அது 12.6 ஆக இருந்திருந்தால், அந்த இரண்டு கிராம் எங்கே போனது என்று திங்கட்கிழமை காலையே மருத்துவரிடம் கேளுங்கள்.